கடல் மட்டத்தின் பூஜ்யம் எங்கே? நியூலின் துறைமுகத்துச் சிற்றறையும் அதற்குக் கிடைக்காத பெயரும்

கேள்வி இது: "பிரிட்டனில் மலையோ ரோடோ வீட்டு வாசலோ, எதன் உயரத்தைச் சொன்னாலும் அதற்கான பூஜ்யம் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகத்தில் இருக்கிறதாமே? அப்படியென்றால் கிரீன்விச் மாதிரி அது ஏன் பெயர் வாங்கவில்லை? நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டால் சரியாகிவிடுமா?"

முதல் பாதிக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். ஆமாம், உண்மைதான். இடத்தின் பெயர் நியூலின். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் கார்ன்வாலில், பென்சான்ஸ் ஊரை ஒட்டிய மீன்பிடித் துறைமுகம் அது. அதன் தெற்குப் பக்கத்து அலைதடுப்புச் சுவர் 1885இல் எழுந்தது. சுவரின் முனையில் சின்னதாக ஒரு கலங்கரை விளக்கம். அதை ஒட்டி ஓர் அறை. தெரியாதவர்கள் பார்த்தால் வலையும் கயிறும் போட்டு வைக்கும் இடம் என்றுதான் நினைப்பார்கள். அந்த அறையின் தரையில் ஒரு பித்தளை ஆணி பதித்திருக்கிறது. பிரிட்டன் பெருநிலத்தின் வரைபடங்களில் உள்ள எல்லா உயரங்களும் அந்த ஆணியிலிருந்து வந்தவை.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும். ஆணியே பூஜ்யம் அல்ல. ஆணிக்கு 4.751 மீட்டர் கீழே உள்ள மட்டம்தான் பூஜ்யம். அங்கே கோடோ எழுத்தோ எதுவும் கிடையாது, அது கணக்கில் மட்டும் இருக்கும் மட்டம். தீர்க்கரேகைகளுக்குப் பூஜ்யமான கிரீன்விச்சில் தரையில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் இரு பக்கமும் காலை வைத்துக்கொண்டு படம் எடுக்க வரிசை நிற்கிறது. (அந்தக் கோட்டிலிருந்து சுமார் 102 மீட்டர் கிழக்கே தள்ளித்தான் இன்றைய ஜி.பி.எஸ். பூஜ்யம் ஓடுகிறது என்பதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.) நியூலினில் காலை வைத்து நிற்க ஒன்றுமில்லை. பெயர் வாங்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்ல, அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆணியைக் காட்டி "இதுதான் பாரம்பரியம்" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

கடல் மட்டம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். கரையில் நின்று பார்த்தால் அப்படி ஒரு மட்டம் கண்ணுக்குத் தெரியாது. அலை விநாடிக்கு விநாடி மாறும். ஓதம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். நியூலினில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஐந்து மீட்டரை நெருங்கும். நம் சென்னைக் கரையில் ஒரு மீட்டர் சொச்சத்தோடு முடிந்துவிடும் விஷயம் அது. அதற்கு மேல் காற்று, காற்றழுத்தம், பருவம் எல்லாம் சேர்ந்து தண்ணீரை ஏற்றி இறக்கும். இத்தனையையும் கழித்து நிற்பதுதான் சராசரிக் கடல் மட்டம். ஒரு நாளில் அது கிடைக்காது, ஒரு மாதத்திலும் கிடைக்காது. ஆண்டுக்கணக்கில் மணிக்கு மணி அளக்க வேண்டும்.

அளக்கும் முறை நேர்த்தியானது. சுவருக்குள் செங்குத்தாக ஒரு கிணறு. கீழே சிறிய துவாரம் வழியாக மட்டும் கடல்நீர் உள்ளே வரும். துவாரம் சின்னது என்பதால் அலையின் ஆட்டம் உள்ளே வராது, ஓதத்தின் மெதுவான ஏற்ற இறக்கம் மட்டும் வரும். கிணற்று நீரில் ஒரு மிதவை. மிதவையில் கம்பி, கம்பி கப்பி வழியே ஓடி ஒரு பேனாவை அசைக்கும். கடிகாரம் சுழற்றும் உருளையில் சுற்றிய காகிதத்தில் பேனா கோடு இழுக்கும். மின்சாரமே தேவையில்லை. ஆனால் ஆள் வேண்டும். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க, நேரம் பிசகாமல் பார்க்க, காகிதம் மாற்ற, மை ஊற்ற, கருவி காட்டும் மட்டம் அந்த ஆணியோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க. ஆணியின் வேலையே அதுதான். கருவியை எத்தனை முறை மாற்றினாலும் அளவு தொடர்ந்து ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட வேண்டும் என்பதற்கான பிடிமானம் அது. கட்டட வேலையில் லெவல் எடுப்பவர்கள், அதாவது உயர வித்தியாசம் அளப்பவர்கள், பெஞ்ச் மார்க் என்ற உயரம் தெரிந்த ஓர் அடையாளத்தை நம்பித்தான் டம்பி லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியை வைப்பார்கள். அது அசைந்துவிட்டால் தளம் முழுக்கத் தப்பாகிவிடும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கு முன்னால் பிரிட்டன் லிவர்பூலை நம்பியிருந்தது. 1844இல் விக்டோரியா டாக் என்ற இடத்தில் சில நாட்கள் மட்டும் அளந்து எடுத்த மட்டம் அது. மெர்சி ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம், ஆற்று வெள்ளமும் சேர்ந்துகொள்ளும் இடம். அதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே அளந்தார்கள். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அதே லிவர்பூலில் வில்லியம் ஹட்சின்சன் என்ற துறைமுக அதிகாரி 1764 தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓதத்தின் நேரத்தையும் உயரத்தையும் விடாமல் எழுதி வைத்திருந்தார். கருவி கிடையாது, கண்ணால் பார்த்து எழுதியதுதான். உலகின் மிகப் பழைய கடல் மட்டப் பதிவுகளில் அதுவும் ஒன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே நாடு முழுவதும் மறுபடி லெவல் எடுக்க முடிவு செய்தது. 1912இல் ஆரம்பித்த வேலை 1921 வரை நடந்தது. இந்த முறை அடிப்படையும் ஒழுங்காக இருக்கட்டும் என்று மூன்று இடங்களில் ஓத நிலையம் அமைத்தார்கள்: ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் டன்பார், இங்கிலாந்தின் கிழக்கே ஃபெலிக்ஸ்டோ, தென்மேற்கே நியூலின். மூன்றில் நியூலினைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் கலக்கவில்லை. முன்னால் திறந்த அட்லாண்டிக். அடியில் கெட்டியான பாறை. 1915 மே 1 முதல் 1921 ஏப்ரல் 30 வரை, ஆறு ஆண்டுகள், மணிக்கு மணி எடுத்த அளவுகளின் சராசரிதான் பிரிட்டனின் பூஜ்யம். முதல் உலகப் போரின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது. ஐரோப்பாவே எரிந்துகொண்டிருந்தபோது, ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பேனா பாட்டுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தது.

மூன்று நிலையங்களின் சராசரியை எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். லெவல் எடுத்துப் பார்த்தபோது வடக்கே போகப் போகக் கடல் மட்டம் ஏறிக்கொண்டே போவதுபோல் கணக்கு வந்தது. கடல் உண்மையிலேயே சாய்ந்திருக்கிறதா, லெவல் எடுத்ததில் பிழையா என்று பல பத்தாண்டுகள் விவாதம் ஓடியது. செயற்கைக்கோள் அளவுகளும் புவியீர்ப்பு மாதிரிகளும் வந்த பிறகுதான், பெரும்பங்கு லெவல் எடுத்ததில் சேர்ந்த பிழை என்று தெளிவானது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கருவியையும் ஸ்டாஃப் என்ற அளவுக்கோலையும் தூக்கிக்கொண்டு நடந்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலைமுடி அளவு பிசகினால்கூடக் கடைசியில் அது கணிசமாகச் சேர்ந்துவிடும். ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டது நல்லதாகவே போயிற்று.

அப்புறம், இந்த பூஜ்யத்தின் ஆட்சி எங்கே வரை என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். பிரிட்டனின் மிக உயர்ந்த சிகரமான பென் நெவிஸ் 1,345 மீட்டர் என்றால், அது நியூலின் பூஜ்யத்துக்கு மேலே 1,345 மீட்டர். ஆனால் கடல் கடந்து லெவல் எடுக்க முடியாது. அதனால் ஷெட்லாந்துக்கு லெர்விக், வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கு ஸ்டார்னோவே, வட அயர்லாந்துக்கு பெல்ஃபாஸ்ட் என்று தனித்தனி பூஜ்யங்கள். நியூலினிலிருந்து படகேறிப் போய்விடக்கூடிய சில்லி தீவுகளுக்குக்கூடத் தனி பூஜ்யம்தான்.

பூஜ்யம் மாறினால் என்ன ஆகும் என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஒரு கதை. ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் ரைன் நதி மேல் லாஃபன்பர்க்கில் பாலம் கட்டின. ஜெர்மனியின் உயரக் கணக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருவது. கடலே இல்லாத சுவிட்சர்லாந்தின் கணக்கு பிரான்சின் மார்செய் துறைமுகத்திலிருந்து வந்தது, ஜெனீவா ஏரித் துறையில் இருக்கும் ஒரு பாறை வழியாக. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். பொறியாளர்களுக்கு இது தெரியும், திருத்தமும் செய்தார்கள். ஆனால் கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டார்கள். 2003இல் இரு பக்கமும் 54 சென்டிமீட்டர் ஏறுக்குமாறாக நின்றது. எங்கோ தூரத்துத் துறைமுகத்தில் இருக்கும் ஓர் அளவுகோல், கடலைப் பார்க்காத ஊரின் பாலத்தில் வந்து நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, 1921இலேயே சராசரி கிடைத்துவிட்டது. வேலை முடிந்தது என்று கருவியைக் கழற்றியிருக்கலாம். வரைபடம் போடுவதற்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் நியூலினில் அளப்பதை நிறுத்தவில்லை. இன்று வரை பெரிய இடைவெளி இல்லாமல் ஓடுகிறது. என்னைக் கேட்டால், அந்த இடத்தின் மதிப்பு முழுக்க இந்த ஒரு முடிவில் இருக்கிறது.

ஏனென்றால் ஒரு நூற்றாண்டு போன பிறகு திரும்பிப் பார்த்தால், அங்கே கடல் ஆண்டுக்குச் சராசரியாக 1.8 மில்லிமீட்டர் அளவில் ஏறியிருக்கிறது. இன்று நியூலினின் சராசரிக் கடல் மட்டம், பூஜ்யம் என்று குறித்த மட்டத்துக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் மேலே நிற்கிறது. அதாவது பிரிட்டிஷ் வரைபடத்தின் "கடல் மட்டம்" இன்றைய கடலின் மட்டமே அல்ல, 1910களின் கடல். வரைபடத்துக்கு அதனால் கேடில்லை. ஆதார மட்டம் உண்மையான கடலோடு ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை, அசையாமல் இருந்தால் போதும். ஆனால் கடற்கரையில் வீடு வைத்திருப்பவருக்கு அந்த 20 சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சுவரில் பொருத்திய கருவி, கடல் ஏறியதையும் நிலம் இறங்கியதையும் பிரித்துச் சொல்லாது. பனியுகத்தில் ஸ்காட்லாந்தின் மேல் இருந்த பனிப்பாளம் உருகிய பிறகு, பாரம் இறங்கிய வடக்கு மெல்ல எழுந்துகொண்டிருக்கிறது, தென்மேற்கு மெல்ல அமிழ்கிறது. இதைப் பிரித்தறிய 1990களின் கடைசியில் நியூலினில் ஓதமானிக்குப் பக்கத்திலேயே ஜி.பி.எஸ். வைத்தார்கள். கடலை ஒரு கருவி பார்க்கும், நிலத்தை இன்னொன்று பார்க்கும். இரண்டையும் சேர்த்தால்தான் கணக்கு சரியாகும்.

இனி, ஏன் பெயர் வாங்கவில்லை என்பது.

நியூலினுக்குச் சொல்லிக்கொள்ள வேறு கதைகள் நிறைய. மத்தி மீன் வியாபாரத்தில் வளர்ந்த ஊர், இன்றும் இங்கிலாந்தின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. 1880களில் ஸ்டான்ஹோப் ஃபோர்ப்ஸ் முதலிய ஓவியர்கள் வந்து தங்கி, மீனவர் வாழ்க்கையை வரைந்து, "நியூலின் பாணி" என்று பெயர் வரும் அளவுக்கு ஆக்கினார்கள். 1896இல் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகலாமா கூடாதா என்று வெளியூர்ப் படகுக்காரர்களோடு கைகலப்பாகி, ராணுவத்தை இறக்கும் அளவுக்குப் போனது. 1981 டிசம்பர் 19 இரவு, புயலில் சிக்கிய கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்றப் பக்கத்து மவுஸ்ஹோல் கிராமத்திலிருந்து கிளம்பிய உயிர்காப்புப் படகு திரும்பவே இல்லை. எட்டுத் தன்னார்வலர்களும் போனார்கள், இரு கலங்களிலுமாகப் பதினாறு பேர். அதன் பிறகு வந்த படகு நியூலின் துறைமுகத்தில்தான் நிற்கிறது. இப்படி ரத்தமும் சதையுமான கதைகள் உள்ள ஊரில், மணிக்கு ஒரு முறை எண் எழுதும் அறையை யார் பேசுவார்கள்? அதில் ஊரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

குறை சொல்ல வேண்டியது நிறுவனங்களைப் பற்றி. ஆர்ட்னன்ஸ் சர்வே 1983 வரை நிலையத்தைப் பார்த்துக்கொண்டது, அப்புறம் பொறுப்பு கடலியல் ஆய்வாளர்களிடம் போயிற்று. வரைபடக்காரர்களுக்கு இன்று செயற்கைக்கோளும் கணினி மாதிரியும் இருக்கின்றன. தேவாலயச் சுவர்களிலும் பாலங்களிலும் அம்புக்குறியாகச் செதுக்கிய லட்சக்கணக்கான பெஞ்ச் மார்க்குகளையே அவர்கள் பராமரிப்பதை விட்டுவிட்டார்கள். கடலியலாளர்களுக்கு அது நாற்பத்து சொச்சம் நிலையங்கள் கொண்ட வலையமைப்பில் ஒரு நிலையம். அந்த வலையமைப்பே 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி இங்கிலாந்தில் 307 பேர் இறந்த பிறகு, வெள்ள எச்சரிக்கைக்காக உருவானது. அவர்களுக்கு வேண்டியது அடுத்த பதினைந்து நிமிடத்தின் எண், நூறு வருடக் கதை அல்ல. கட்டடப் பாரம்பரியம் பார்ப்பவர்களுக்கோ, தூணும் வளைவும் இல்லாத அறை கண்ணில் படாது. மூன்று பேருக்கும் நடுவில் விழுந்த சொத்து இது.

அண்மை ஆண்டுகளில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. நூறாண்டு நிறைவை ஒட்டி, நியூலினின் ஒரு நூற்றாண்டுப் பதிவுகளை அலசி 2016இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. உள்ளூர் ஆவணக் காப்பக ஆர்வலர்கள் ஊர்மக்களிடம் இதைப் பேச ஆரம்பித்தார்கள். கட்டடமும் பாதுகாக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் ஏறிவிட்டது. நல்லதுதான். பட்டியலில் ஏறினால் யாரும் இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. ஆனால் பட்டியல் சுவரைக் காப்பாற்றும், அளப்பதைக் காப்பாற்றாது. கருவிக்கு நிதி நின்றால், அழகாகப் பெயின்ட் அடித்த அறைக்குள் ஒன்றும் நடக்காமல் இருக்கும். அந்த நிலை வந்தால் என் கணக்கில் அது இழப்புதான், பெயர்ப்பலகை எத்தனை பெரிதாக இருந்தாலும்.

மற்ற ஊர்கள் எப்படிச் செய்தன என்று பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாம் 1680களிலேயே தன் மட்டத்தைக் கல்லில் குறித்துவிட்ட நகரம். மேயர் யோஹன்னஸ் ஹுட்டே மதகுகளில் சலவைக்கல் பதித்தார். இன்று நகரமன்றக் கட்டடத்துக்குள் பூஜ்ய மட்டத்தில் ஒரு வெண்கல ஆணி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பக்கத்தில் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர். இரண்டு குழாய்கள் கடலில் இப்போது ஓதம் எவ்வளவு நிற்கிறது என்று காட்டுகின்றன. மூன்றாவது குழாய் தலைக்கு மேலே 4.55 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. 1953 வெள்ளம் நெதர்லாந்தின் ஜீலாந்து மாகாணத்தில் வந்த உயரம் அது. ஒரு வார்த்தை விளக்கம் வேண்டாம். கீழே நிற்பவருக்குத் தன் ஊர் எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும். நெதர்லாந்தில் நிலம் தாழ்வு, அதனால் மட்டம் அங்கே உயிர்ப் பிரச்சினை; கார்ன்வாலில் அப்படியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மார்செய் இன்னொரு வழி. அங்குள்ள ஓத நிலையம் 1885இல் இயங்கத் தொடங்கியது, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளின் சராசரி பிரான்சின் பூஜ்யமாயிற்று. அங்குள்ள பழைய கருவி சாதாரண ஓதமானி அல்ல. தானாகவே சராசரியைக் கூட்டிக்கொண்டே போகும் அபூர்வமான இயந்திரம். 1998இல் டிஜிட்டல் கருவி வந்தபோதும் பழையதைக் காயலான் கடைக்குப் போடவில்லை. 2002இல் நிலையத்தை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். அளப்பதும் தொடர்கிறது, பழைய இயந்திரமும் இருக்கிறது. நியூலினுக்கு நான் விரும்புவது இந்த மாதிரியைத்தான், ஆம்ஸ்டர்டாம் குழாய்களில் ஒன்றிரண்டைக் கடன் வாங்கிக்கொண்டு.

துறைமுகத்தில் ஜனம் நடக்கும் இடத்தில், மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு தூண் போதும். பூஜ்யம் இங்கே, 1921 சராசரி இங்கே, இன்றைய சராசரி இங்கே, இந்த நிமிடத்தின் ஓதம் இங்கே. முதல் இரண்டும் ஒரே கோடு, மூன்றாவது அதற்கு ஒரு சாண் மேலே. அறைக்குள் கூட்டத்தை விட வேண்டிய அவசியமே இல்லை. வேலை நடக்கிற துறைமுகம், ஃபோர்க்லிஃப்டும் ஐஸ் பெட்டியும் ஓடுகிற இடம், அறையோ சின்னது. சுற்றுலாவுக்காக மீனவர்களை ஓரம் கட்டினால் ஊரே அந்த ஆணியை வெறுத்துவிடும். பழைய காகிதச் சுருள்களையும் பேரேடுகளையும் எண்களாக்குவதற்குச் செலவு செய்வது, கட்டடத்துக்குச் செய்வதைவிட முக்கியம். லிவர்பூல் பக்கத்துப் பழைய ஓதப் பேரேடுகளைத் தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் படித்து எண்களாக்கிக் கொடுத்தார்கள். அதுவும் மக்கள் தரும் அங்கீகாரம்தான், நாடாவெட்டும் விழாவைவிட உருப்படியானது.

இதைப் படிக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும் ரயில் நிலையத்தில் நின்றிருப்பீர்கள். எந்தக் கடல், எந்த இடம்? இந்தியாவின் பழைய கணக்குக்கு விடை ஒன்பது இடங்கள். கராச்சி, பம்பாயின் அப்பல்லோ பந்தர், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாக் கரையில் ஃபால்ஸ் பாயின்ட். இந்த ஒன்பது ஓத நிலையங்களின் சராசரிக் கடல் மட்டத்தையும் பூஜ்யம் என்று வைத்து, 1909இல் இந்தியா முழுமைக்குமான உயரங்களைச் சரிசெய்தார்கள். பிரிட்டன் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது, இந்தியா ஒன்பதையும் பிடித்தது. கடல் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை என்பதால், ஒன்பதையும் பூஜ்யமாக்கியது வலையில் சில இழுப்புகளை உண்டாக்கியது. ஆனாலும் நாகப்பட்டினமும் சென்னையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த நிலையங்கள் செய்த இன்னொரு வேலை, என் கண்ணில், உயரக் கணக்கைவிடப் பெரியது. 1870களில் கேப்டன் பேர்ட் என்ற அதிகாரி கட்ச் வளைகுடாவில் தொடங்கிய ஓத அளவீடு, சில ஆண்டுகளிலேயே இந்தியக் கரை முழுக்கப் பரவியது. அந்தக் கருவிகள் புதிதாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே பெரிய நிலநடுக்கம் வந்தது. எழுந்த அலை வங்காள விரிகுடாவைச் சுற்றியிருந்த எட்டு ஓதமானிகளின் காகிதத்தில் விழுந்தது. சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றில் உண்டு. அதிகபட்ச உயரம் சுமார் 0.8 மீட்டர்தான். ஊருக்குள் பெரிய சேதமில்லை, அதனால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கோடு மட்டும் காகிதத்தில் இருந்தது.

நூற்று இருபது ஆண்டுகள் கழித்து மொடெஸ்டோ ஓர்டிஸ், ரோஜர் பில்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கோடுகளை எடுத்து, நிலநடுக்கம் எங்கே, எவ்வளவு பெரிது என்று கணக்கிட்டார்கள். நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று வந்தது. நிகோபார் பக்கம் கடலுக்கு அடியில் உடைந்தால் நம் கரைக்கு அலை வரும் என்பதற்கு எழுத்தில் கிடைத்த சாட்சி. கட்டுரை வெளியான ஆண்டு 2003. அடுத்த ஆண்டு டிசம்பர் 26 காலையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 1881இல் முன்னோட்டத்தைப் பதிவு செய்த கரைகளில் ஒன்று அதே நாகப்பட்டினம். அந்தப் பழைய கோட்டை யாராவது முன்பே படித்து, ஊருக்குச் சொல்லியிருந்தால் என்று பேசுவது இப்போது சுலபம். ஆனால் ஓத நிலையத்துக்கு அங்கீகாரம் கேட்பது ஏதோ பழம்பொருள் ஆசை என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தேதிகளைத்தான் காட்டுவேன்.

ஆக, கேள்வியின் கடைசிப் பகுதிக்கு என் பதில்: நினைவுச் சின்னமாக அறிவியுங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். அளப்பதற்கான நிதியைத் தனியாகப் பாதுகாக்க வேண்டும், பதிவுகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், துறைமுகத்துக்காரர்களைக் கேட்டுக்கொண்டுதான் எதையும் செய்ய வேண்டும். நியூலினுக்கு இதில் முக்கால்வாசி ஏற்கனவே இருக்கிறது, குறைவது கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் மட்டும். நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் குறைவது அதைவிட அதிகம்.

பதிவுகளை நீங்களே பார்க்கலாம். 1933இல் லிவர்பூலில் தொடங்கி இன்றும் அங்கேயே இயங்கும் சராசரிக் கடல் மட்ட நிரந்தரச் சேவை, உலக ஓத நிலையங்களின் மாத, ஆண்டுச் சராசரிகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. நியூலின், பம்பாய் அப்பல்லோ பந்தர், சென்னை மூன்றையும் இறக்கி ஒரே தாளில் வரைந்து பாருங்கள். பம்பாய் வரிசை 1878இல் தொடங்குகிறது. சென்னை வரிசையில் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் மட்டம் வேறு என்பதால் மூன்றையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள், ஒவ்வொன்றும் தன் தொடக்கத்திலிருந்து எவ்வளவு ஏறியது என்று மட்டும் பாருங்கள்.